பக்க எண் இல்லாத தாள்

மின்நூல் கருவியைக் கண்டுபிடித்தவர் புது நாவல்களை மட்டும் படிக்கிறவராக இருக்க வேண்டும். எழுதியவரின் சொந்தக்காரர்களே மறந்துவிட்ட புத்தகங்களைத் தேடிப் படிக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு, அது பெரும்பாலும் கட்டை விரல்களைத்தான் காட்டுகிறது. நிஜமான கட்டை விரல். பழைய புத்தகத்தைப் படமெடுத்த யாரோ ஒருவரின் விரல், ஒரு மாட்டு வைத்தியக் கையேட்டில் பாதி மருந்தை மறைத்துக்கொண்டு கிடக்கிறது. எழுத்து எள்ளளவு. பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும். வாலைப் பிடிக்கப் போனால் தலை போய்விடும்.

இருந்தும் அதை நம்பினேன். வீடு மாறியதுதான் காரணம். கருமத்தம்பட்டியில் முப்பது வருஷம் விசைத்தறி மெக்கானிக்காக இருந்துவிட்டு, மகள் வேலை பார்க்கும் கோயம்புத்தூருக்கு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தோம். என் புத்தகங்கள் ஒன்பது அட்டைப்பெட்டி. புது வீட்டில் இருந்தது ஒரே அலமாரி.

"மெஷினுல இருக்கறதை எதுக்குங்க பேப்பராவும் வெச்சுக்கோணும்? அதுல இல்லாததை மட்டும் எடுத்துக்கலாமுங்க" என்றாள் மனைவி.

நியாயமான பேச்சு. ஒவ்வொரு புத்தகமாக இணையத்தில் தேடினேன். இருந்தால் கருவியில் ஏற்றிக்கொண்டு நோட்டில் டிக் அடித்தேன். டிக் வாங்கியதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. கிணற்றுப் புத்தகமும் டிக் வாங்கியது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவிநாசிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், சுற்றுவட்டாரக் கிணறுகளையெல்லாம் சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்தது. உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், வினா விடைக் கட்டு ஒன்றுக்கு அடியில் எனக்குக் கிடைத்தது. நடை படு வறட்சி. ஆனால் பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு நீளமான தாளை நான்காக மடித்து ஒட்டியிருந்தார். கிணற்றின் பெயர், ஆழம், பாறை, அதற்குப் பிறகு வேறெந்தப் புத்தகத்திலும் நான் பார்த்திராத ஒரு கட்டம்: 'வெட்டியவர்கள்'. தோட்டத்துக்காரர்களின் பெயரல்ல. பாறையை உடைத்து மண் சுமந்த ஆட்களின் பெயர். அதில் எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இருந்தார். அவர் வெட்டிய கிணற்றின் கயிற்றைத் தொட அவருக்கு அனுமதி இருந்ததில்லை. அவருக்குப் பட்டா இல்லை, போட்டோ இல்லை. அவர் பெயர் அச்சில் இருந்த ஒரே இடம் அந்தத் தாள்தான்.

என் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் இருக்கும் இடம் தெரியும். மூன்றாவது மடிப்பு, கீழிருந்து நாலாவது வரி. அவிநாசியிலிருந்து எப்போது வந்தாலும், காப்பி குடிப்பதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "அப்பாரை எடு கண்ணு" என்பாள். பெயரின் மேல் விரலை வைத்து, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம்தான் காப்பி.

இவ்வளவு தெரிந்தவன் எப்படி அதைப் போட்டேன் என்று கேட்டால், புத்தி கெட்டுப்போய்தான். அப்படியொரு புத்தகம் இணையத்தில் இருந்ததைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. முதல் பக்கம் சரி, கடைசிப் பக்கத்தின் எண் சரி. உடனே டிக். அந்தத் தாளுக்குப் பக்க எண்ணே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. தறியில் கோளாறு என்றால் வாசலில் நின்றே சத்தத்தை வைத்துச் சொல்கிறவன் நான்.

புது வீட்டுக்கு அக்கா முதல் தடவை வந்தபோது, வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெருமையாகக் கருவியை எடுத்து வந்தேன்.

"இனி கிழியாதுங்க்கா. கரையானும் அரிக்காது."

கடைசிக்குப் போனேன். தாள் இருந்தது. மடித்தபடியே இருந்தது. படமெடுத்தவர் அதைப் பிரிக்கவே இல்லை. மேல் மடிப்பில் தலைப்பு மட்டும் தெரிந்தது. அடுத்த படம் பின்னட்டை. முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் காட்டுவதாக நினைத்து அக்கா விரலை வைத்தாள். பக்கம் சட்டென்று மாறிவிட்டது. அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை கண்ணு. தொட்டேன், ஓடிப்போச்சு."

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க்கா. மடிச்ச தாளை விரிக்காமயே போட்டோ எடுத்துபோட்டாங்க."

"அப்ப, அப்பாரு உள்ள மடிஞ்சு கெடக்கறாரா?"

அன்று மதியமே கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

"ஏனுங்கண்ணா, நீங்க போட்டது போன மாசமுங்களே" என்றார் பழைய பேப்பர் கடைக்காரர். "லோடு அப்பவே பல்லடம் போயிருச்சுங்க. முட்டை ட்ரே பண்ற கம்பெனிக்குங்க. தண்ணியில ஊறவெச்சு அரைச்சுபோடுவாங்க."

நல்ல மனிதர். இருந்தாலும் இருக்கும் என்று என்னோடு சேர்ந்து எல்லா மூட்டைகளையும் புரட்டினார். இல்லை. அன்றிலிருந்து மளிகைக் கடையில் முட்டை ட்ரேயைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

புத்தகத்தைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிய நூலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: எல்லாப் பக்கங்களும் உள்ளன, மூலப்படி தற்போது இருப்பில் இல்லை. எல்லாப் பக்கங்களுமாம்! தாளைப் பிரிக்க இரண்டு விநாடி ஆகியிருக்குமா? ஆனால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அவர்களும் என்னைப் போலவே பக்க எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

போன வாரம் அக்கா மறுபடி வந்தாள். நான் ஒரு நல்ல காகிதத்தில் அப்பாருவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அப்பாரு பேர் என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"இது ஆரு எழுதுனது?"

"நாந்தானுங்க்கா."

"நம்ம அப்பாரு பேரை நீ எழுதறதுல என்ன கண்ணு இருக்குது? நமக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒருத்தரு தேடி வந்து எழுதி வெச்சாருல்ல, அதுக்குத்தான் நான் தொட்டுக் கும்புட்டது."

காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கருவியை எடுக்கச் சொன்னாள். மடிந்த தாளின் படத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். விரலைக் கொண்டுபோனவள், திரைக்கு ஒரு நூலளவு மேலேயே நிறுத்திவிட்டாள். தொட்டால் ஓடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தொடாத அந்த விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.