கிருஷ்ணவேணி முதுகில் குடியேறிய கட்டி

சின்ன காஞ்சிபுரத்தில் கிருஷ்ணவேணி குரல் கொடுத்தால் பெரிய காஞ்சிபுரத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும் என்பார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. ரங்கசாமி குளம் வரைக்கும் கேட்கும். அதற்குமேல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

அவளுக்கு வாய்த்த புருஷன் தணிகாசலம், பட்டு நெய்கிறவர். காலையில் தறிக்குழிக்குள் காலை இறக்கினால் இருட்டுகிற வரைக்கும் தறி பேசும், அவர் பேசமாட்டார். தாலி கட்டும்போது ஐயர் சொல்லச் சொன்னதைச் சொன்னதோடு அவர் பங்குப் பேச்சு தீர்ந்துவிட்டது என்பது தெருவாருடைய எண்ணம். ஆகவே அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் கிருஷ்ணவேணியே பேசினாள். குழாயடியில் முறை தப்பினவளை அதட்டுவது, தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருக்கும்போது குறுக்கே வருகிற சைக்கிளை மடக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. அறுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம் வரைக்கும் தலைவலி என்றுகூட அவள் படுத்தது கிடையாது.

அந்த ஆடியில் நாத்தனார் சம்பூர்ணம் வந்தாள். தணிகாசலத்தின் அக்கா, கூரம் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். காபியைக் குடித்துவிட்டு ஆட்டுக்கல்லைப் பார்த்தாள். அது இருக்கிற மூலை சரியில்லை, அதனால்தான் இந்த வீட்டு இட்லியை எறிந்தால் நாய் ஓடுகிறது என்றாள்.

வேறு யாராவதாக இருந்தால் நாலு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது நாத்தனாரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். கிருஷ்ணவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டுக்கல்லைக் குழந்தையைத் தூக்குவதுபோலக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். தூக்கியும் விட்டாள். எதிர் மூலையில் கொண்டுபோய் இறக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். கல் விண்டுவிட்டது என்றுதான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருஷ்ணவேணிதான் குனிந்தபடியே நின்றாள், நிமிரவில்லை.

அதன்பிறகு அவள் முதுகு பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுதவேண்டும். நல்லெண்ணெய் தேய்த்தார்கள். முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பத்துப் போட்டார்கள். எலும்பு நரம்பு விவகாரமெல்லாம் மாகறல் கோயில் சுவாமியின் இலாகா என்பதால் மாட்டு வண்டியில் அங்கே அழைத்துப்போனார்கள். வண்டி போட்ட ஆட்டத்தில் போகும்போது இருந்ததைவிட வரும்போது வலி கூடியது. வலி இடுப்பில் பிறந்து இடது தொடை வரைக்கும் இறங்கி வந்து, அங்கேயே தங்கிக்கொண்டது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்டர் தனசேகரனிடம் போனார்கள். இளவயசு, சாந்தமான பிள்ளை. புதிதாக எக்ஸ்ரே மெஷின் வாங்கி வைத்திருந்தார். படம் எடுத்துப் பார்த்துவிடலாம், நாளைக்கு வாருங்கள் என்றார். மெஷினைப் பார்த்துக்கொள்கிற தாவீது, வரும்போது நகை ஒன்றும் போட்டுக்கொண்டு வரவேண்டாம், உலோகத்துக்குள் ஒளி போகாது, படம் மறைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினான்.

அன்று சாயந்திரம் சம்பூர்ணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "வேணி, அந்த மிசினு துணியெல்லாம் ஊடுருவிக்கினு போய்ப் பாக்குதாம். புடவை, பாவாடை ஒண்ணும் நிக்காதாம். எங்க ஊருல ஒருத்தி போய்ட்டு வந்து ஒரு வாரம் வெளியே தலைகாட்டல."

கிருஷ்ணவேணிக்கு வலி மறந்துபோனது. புருஷன் முகத்தைத் தவிர வேறு ஆண்பிள்ளை முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியதெல்லாம் சண்டையில் மட்டும்தான். அப்பேர்ப்பட்டவளைத் துணியில்லாமல் படம் பிடித்து, அதைச் சுவரில் மாட்டி, விளக்குப் போட்டுப் பார்ப்பார்களா? விடிய விடிய யோசித்தாள். உலோகத்துக்குள் ஒளி போகாது என்று தாவீது சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்து, பெட்டியைத் திறந்து, முகூர்த்தப் புடவையை எடுத்தாள்.

அந்தப் புடவை தணிகாசலம் தன் கையால் நெய்தது. பேசவேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து அதில் நெய்துவிட்டார் போலிருக்கிறது, முந்தியில் பட்டு எங்கே என்று தேடவேண்டும், அவ்வளவும் அசல் வெள்ளிச் சரிகை. வரிசை வரிசையாக மயில். கட்டிக்கொண்டு நடந்தால் தோள் ஒரு பக்கம் இறங்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மறைப்புக்குப் பின்னால் போய் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டாள். அங்கிக்கு உள்ளே, முந்தியை மடிப்பு மடிப்பாக மடித்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டாள். நகையெல்லாம் கழற்றியாயிற்றா என்று தாவீது கதவுக்கு வெளியிலிருந்து கேட்டான். கூச்ச சுபாவி, உள்ளே எட்டிப் பார்க்கமாட்டான். கழற்றியாச்சுப்பா என்றாள். பொய்யில்லை, நகையெல்லாம் வீட்டில்தான் இருந்தது. மேஜைமேல் மல்லாந்து படுத்தாள், முந்தி முதுகுக்கடியில் சுருண்டு உருண்டது, மூச்சைப் பிடித்தாள். படம் விழுந்தது.

டாக்டர் தனசேகரன் படத்தை விளக்கில் வைத்தார். முகம் மாறியது. நடு எலும்பை மறைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு உருண்டை. இந்த மாதிரி அவர் படித்த புத்தகத்திலேயே கிடையாது. தணிகாசலத்தைத் தனியாக அழைத்து, தண்டுவடத்தின் பக்கத்தில் கட்டி மாதிரி ஏதோ கெட்டியாக இருக்கிறது, பட்டணத்துக்குப் போங்கள், ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம், நடு முதுகு என்பதால் கால் வருமா வராதா என்பதை இப்போது சொல்லமுடியாது என்றார். தனியாகச் சொன்னதாக அவர் நினைப்பு. கதவுக்குப் பின்னால் கிருஷ்ணவேணி நின்றுகொண்டிருந்தாள்.

கட்டி டாக்டர் வாயிலிருந்து கிளம்பும்போது எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. தெருமுனைக்கு வருவதற்குள் தேங்காயாகிவிட்டது. மறுநாள் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள், பூசணிக்காயை உள்ளே வைத்துக்கொண்டு எப்படிம்மா படுக்கிறாய் என்று கேட்டார்கள்.

கிருஷ்ணவேணி அழவில்லை. ஆனால் கத்தியின்கீழ் படுத்தால் எழுந்திருக்கமாட்டோம், எழுந்தாலும் நடக்கமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டாள். அவளைப்போன்றவள் நடக்காமல் உட்கார்ந்தால் தெரு என்ன ஆகும்? குழாயடி என்ன ஆகும்? அதைவிட, இந்த மனுஷனுக்கு யார் சோறு போடுவார்கள்? யோசித்து, தணிகாசலத்துக்கு இரண்டாம் தாரம் பார்க்க ஆரம்பித்தாள். சம்பூர்ணத்தை உட்காரவைத்து நிபந்தனைகளைச் சொன்னாள். சமைக்கத் தெரிந்தவளாக இருக்கவேண்டும், தன்னைவிட நன்றாகச் சமைக்கக் கூடாது. பார்க்க லட்சணமாக இருக்கலாம், ரொம்ப இருக்கக் கூடாது. முக்கியமாக, கொஞ்சம் வாய் இருக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டபடி மோர்சாதம் சாப்பிட்டார். இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் அவள் பேசிக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர் டாக்டர் அன்னம்மாள். குள்ளம், ரப்பர் செருப்பு, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். முதுகுவலி விஷயத்தில் அந்தம்மாள் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வலி என்று வருகிறவர்களை மட்டும் படம் எடுத்தால் போதாது, வலியே இல்லாதவர்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே துணைக்கு வந்தவர்கள், வாட்ச்மேன், பால்காரர் என்று கையில் அகப்பட்ட ஆளையெல்லாம் கெஞ்சி மேஜைமேல் படுக்கவைத்துவிடுவார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கவே ஆட்கள் பயந்தார்கள் என்று கேள்வி. துணைக்கு வந்திருந்த சம்பூர்ணத்திடமும் கேட்டார். எனக்கு இந்த வயசிலும் ஒரு வலி கிடையாது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சம்பூர்ணம் தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

டாக்டர் அன்னம்மாள் காஞ்சிபுரத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். காலை நீட்டித் தூக்கச் சொன்னார். கால் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, நிமிர்த்து என்றார். கிருஷ்ணவேணி நிமிர்த்தினாள். டாக்டர் கை நழுவிப்போயிற்று. ஊசியால் பாதத்தை லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்றார். தெரிகிறது என்பதைக் கிருஷ்ணவேணி தெரிவித்த விதத்தில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. சுத்தியலால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியதும் கால் எகிறி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டருடைய மூக்குக்கண்ணாடி ஜன்னல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

டாக்டர் அன்னம்மாள் தலையை ஆட்டினார். இவ்வளவு பெரிய கட்டி தண்டுவடத்தை நெருக்கினால் இந்தக் கால் இப்படி உதைக்காது. காலும் படமும் வேறு வேறு கதை சொல்கின்றன. அடுத்தபடி முதுகில் ஊசி குத்தி மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள், அதற்கப்புறம் கத்தி. அதற்கெல்லாம் முன்னால் சாதாரணப் படத்தையே இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்றார்.

அங்கே மெஷின் அறையில் நர்ஸம்மாள் கெட்டிக்காரி. அங்கியைத் தட்டிப் பார்த்தாள், உள்ளே சரசரவென்றது. பிடித்து இழுத்தாள். புடவை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சபையில் துச்சாதனன்கூட அவ்வளவு மூச்சு வாங்கியிருக்கமாட்டான். கிருஷ்ணவேணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். காஞ்சிபுரத்திலும் இதே புடவையோடுதான் படுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, எதற்காக என்பதையும் அழாத குறையாகச் சொன்னாள்.

டாக்டர் அன்னம்மாள் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிற எலும்பு மட்டும்தான்மா தெரியும். எலும்புக்கு வெக்கம் கிடையாது. பயப்படாம படுங்க."

படுத்தாள். இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டருக்கு அதோடு திருப்தி வரவில்லை. சந்தேகம் என்றால் முழுக்கத் தீர்க்கவேண்டும் என்கிற ஆள். புடவையைச் சுருட்டி, தனியாக மேஜைமேல் படுக்கவைத்து, அதற்கும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். மெஷின்காரர் பழக்க தோஷத்தில் புடவையைப் பார்த்து, மூச்சைப் பிடிங்க என்றார். புடவை நன்றாகவே ஒத்துழைத்தது.

மூன்று படங்களையும் வரிசையாக விளக்கில் மாட்டினார்கள். முதலாவதில் கட்டி. இரண்டாவதில் கட்டி இல்லை. மூன்றாவதில் கட்டி மட்டும் இருந்தது, முதுகு இல்லை. ஓரத்தில், பஞ்சு போன்ற வெள்ளைக்கு நடுவில், ஒரு மயிலின் மூக்கும் கொண்டையும் அச்சாகத் தெரிந்தன.

பயிற்சி டாக்டருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டாவது படத்தில் எலும்பின் ஓரம் தேய்ந்திருக்கிறதே, அதற்காவது ஆபரேஷன் வேண்டாமா என்றார். டாக்டர் அன்னம்மாள் உறையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து மாட்டினார். எலும்பெல்லாம் உடைந்த முறுக்குப்போல இருந்தது.

"இது யாரோடதும்மா, பாவம்?" என்றாள் கிருஷ்ணவேணி.

"உங்க நாத்தனாரோடது. படத்தை மட்டும் பாத்துக் கத்தியை எடுக்கிறதா இருந்தா, வலியே இல்லாத இவங்களைத்தான் முதல்ல அறுக்கணும்."

சம்பூர்ணம் அந்த நிமிஷம் வரைக்கும் நன்றாக நின்றுகொண்டிருந்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினாள்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். வயசானால் முடி நரைப்பதுபோல எலும்பும் தேயும், தேய்ந்தவர்களுக்கெல்லாம் வலிப்பதில்லை, இத்தனை பேரைப் படம் எடுத்துப் பார்த்ததில் அதுதான் தெரிந்திருக்கிறது. ஆள் சொல்வதும், கால் காட்டுவதும், படத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் கத்தி. இங்கே பொருந்தவில்லை.

"அப்போ என் வலி பொய்யின்றீங்களா?" என்றாள் கிருஷ்ணவேணி. உயிர் பிழைத்ததைவிட அதுதான் அவளுக்கு உறைத்தது.

"வலி சத்தியமா நெசம்மா. ஆட்டுக்கல்லைத் தூக்கினா யாருக்கும் வலிக்கும். அதுக்குப் பலகையில படுத்தாப் போதும், கத்தி வேணாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில், வாலாஜாபாத் தாண்டும்போது, தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். அன்றைக்குத் தனசேகரன் ஆஸ்பத்திரியில் அவள் முகூர்த்தப் புடவையோடு உள்ளே போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.

"பாத்தியா? பாத்துட்டா இத்தினி நாளும் சும்மா இருந்தே? சொல்றதுக்கு இன்னாய்யா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ பேசிக்கினு இருந்தே."

காஞ்சிபுரம் வரைக்கும் கிருஷ்ணவேணி பேசவில்லை. அவள் வாழ்நாளில் அதுவே நீண்ட மௌனம். பஸ் கண்டக்டர் கவலைப்பட்டு, அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

டாக்டர் சொன்னபடி பலகையில் படுத்தாள். எதையும் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. தணிகாசலம் சமைத்தார். புளிக்குழம்பில் சர்க்கரை விழுந்தது, பாயசத்தில் பெருங்காயம் விழுந்தது, அவள் படுத்த இடத்திலிருந்தே குழாயடியை ஆண்டாள். குழாயடிக்கும் வீட்டுக்கும் பதிலைச் சுமந்துகொண்டு நடப்பதற்குள் சண்டையே ஆறிவிடும் என்பதால், எதிராளிகள் வீட்டுக்குள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். தொடை வலி மெல்ல மேலே ஏறி, இடுப்புக்கு வந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அதன்பின் டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, பாம்பு படமெடுப்பதுபோலத் தலையையும் மார்பையும் தூக்கவேண்டும். தினமும் மத்தியானம் பாய் விரித்துச் செய்தாள். கத்தி இல்லாமல் பிழைத்து நடமாடுகிறவளைப் பார்த்த தெருப் பெண்களுக்கும் ஆசை வந்தது. முதலில் சம்பூர்ணம், அவள் ஊருக்கே திரும்பவில்லை. பிறகு எதிர்வீடு, பக்கத்துவீடு. இடம் போதாமல் நிழல் விழுந்த தெருவிலேயே பாய் போட்டார்கள். கிருஷ்ணவேணி நடுவில் படுத்து, தூக்கு, இறக்கு என்று குரல் கொடுத்தாள்.

தபால்காரர் தர்மன் ஒரு மத்தியானம் விஷயம் தெரியாமல் முனை திரும்பினார். தெரு நீளத்துக்கும் குப்புறப் படுத்திருந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெருவுக்கான தபாலை மறுநாள் காலையில், சமையல் நேரமாகப் பார்த்து, கொண்டுவந்து கொடுத்தார்.