உச்சி வேளையில் வந்த பதில்

இரண்டு ஆடி மாதங்களுக்கு முன், மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஃபவுண்டரியில் நடந்தது இது. மோட்டார் பம்புகளுக்கு இரும்பு உடல் வார்த்துக் கொடுக்கிற இடம். நான் அங்கே கணக்கு வழக்கும் நிர்வாகமும் பார்க்கிறவன். ஐம்பதைத் தாண்டியவன். புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு. பேய்க்கதையை முடித்த கையோடு குறட்டை விடுகிறவன் என்ற பெருமையும் அதுவரை உண்டு. நான் சொல்லப்போவது நல்ல வெளிச்சத்தில், நடுப்பகலில், சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தபோது நடந்தது. இருட்டு, நாய் ஊளை, வெள்ளைச் சேலை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அவையெல்லாம் இருந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெரிய முதலாளி அப்போதுதான் ஓய்வெடுத்துக்கொண்டு மகனிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். சின்னவர் வெளிநாட்டில் படித்தவர், மரியாதையானவர், எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புகிறவர். வந்ததும் ஆட்களின் வேலை நேரத்தைக் கவனிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினார். ஆளுக்கொரு அட்டை. தீப்பெட்டி கனத்தில் இருக்கும், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று என் மேசைத் திரையிலும் கையில் வைத்திருக்கும் டேப்லட்டிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அசைந்தால் பச்சை. ஓரிரு நிமிஷம் அசையாமல் இருந்தால் சிவப்பு. அசைவதுதான் உழைப்பு என்பது அந்த மென்பொருளின் சித்தாந்தம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஆபீசிலேயே அதிகம் உழைப்பது மின்விசிறி. எனக்கு அட்டை தரப்படவில்லை. தராதது என் அதிர்ஷ்டம்.

அட்டைகளை நான்தான் விநியோகம் செய்தேன். வார்ப்புக்கு உள்ளே வைக்கிற மணல் கோர்களைச் செய்யும் பகுதியில் முழுக்கப் பெண்கள். அங்கே மூத்தவரான ஒரு அக்கா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், மாட்டுக்கு மணி கட்டறாப்புல கட்டிப்போட்டீங்க. பால் கறக்க எப்ப வருவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். பதில் தெரியாத கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதுபோல நானும் சிரித்துவைத்தேன்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள், திரையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உச்சி வேளை. பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்த புள்ளிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, எறும்புச் சாரை மீது யாரோ குங்குமத்தைக் கொட்டியதுபோல. மென்பொருள் கெட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் காது கவனித்தது. ஆபீசுச் சுவரில் எப்போதும் இருக்கும் அதிர்வு இல்லை.

கீழே இறங்கிப் போனேன். உலையைத் தவிர எல்லா மெஷினும் நின்றிருந்தது. மணி அடிக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அவரவர் இடத்தில் தலை குனிந்து நின்றிருந்தார்கள். ஆடிக் காற்று மட்டும் கூரைத் தகரத்தை அசைத்துக்கொண்டிருந்தது. உலைப் பக்கத்திலிருந்து ஒருவர், “இருக்கறேனுங்க” என்றார். அடுத்தவர், “இருக்கறேனுங்க.” அதற்கடுத்தவர். அப்படியே வரிசையாக வந்தது. வடநாட்டிலிருந்து வந்து, மணல் அச்சு எடுக்கும் மோல்டிங்கில் வேலை செய்கிறவர்களும், “இருக்கே... இருக்கே...” என்று ஒழுங்காகச் சொன்னார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அதுதான் என்று பிறகு தெரிந்தது. கோர் பகுதிப் பெண்கள் சொன்னார்கள். கடைசி ஆளும் சொல்லி முடித்தார். ஆனால் யாரும் அசையவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு யாரோ ஒரு ஸ்விட்சைத் தட்ட, எல்லாம் மறுபடியும் இரைய ஆரம்பித்தது.

மணல் சலிக்கும் மெஷினில் இருந்தவரிடம் கேட்டேன். அந்த ஷெட்டின் கேலிக்காரர் அவர். எதைக் கேட்டாலும் ஒரு நக்கல் வைத்திருப்பார்.

“எதுக்குங்க இது?”

“சும்மாதானுங்க சார்.”

“எப்ப இருந்து?”

“அது பாட்டுக்கு நடக்குதுங்க.” நக்கல் எதுவும் வரவில்லை.

எனக்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம். உச்சி வேளை என்பது நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பும் வேளை. கொஞ்சம் முன்னதாகவே கிளம்புவேன். அன்றைக்கு அந்தப் புதுத் திரைதான் என்னை உட்காரவைத்துவிட்டது.

சின்னவர் திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்தார். “அண்ணா, சாமி கும்புடறதுன்னா காலைல வந்தொடனே கும்புட்டுக்கட்டுமுங்க. ஓடற மெசினை நடுவுல எதுக்கு நிறுத்தோணும்?” என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மதிய நிறுத்தம் கிடையாது என்று எழுதி ஒட்டினேன்.

தகராறு வரும் என்று எதிர்பார்த்து மனசுக்குள் பதில்களைத் தயார் செய்துவைத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. அந்த அக்கா மட்டும் நான் தாண்டிப் போகையில் கையிலிருந்த மணல் கோரைப் பார்த்தபடியே சொன்னார்: “நீங்க வேண்டாமுன்னா நாங்க நிறுத்திப்போடறோமுங்க. கேட்டுட்டு இருக்கறவிங்களுக்கு ஆரு போய்ச் சொல்றது?”

“யாருங்க கேக்கறாங்க?”

அவர் பக்கத்துப் பெண்ணிடம் எண்ணெய் டப்பாவைக் கேட்டார்.

இதற்கு நடுவில் அந்த வாரத்தின் மிகச் சுறுசுறுப்பான தொழிலாளி யார் என்று மென்பொருள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. சலிக்கும் மெஷின்காரர். சாப்பாட்டு வேளையில்கூட அவர் புள்ளி பச்சையாகவே இருந்தது. எல்லோர் முன்னாலும் அவருக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்து, உழைப்பைப் பற்றிச் சிறிய உரையும் ஆற்றினேன். அவர் அதைப் பணிவாக வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஏன் அவ்வளவு பலமாகக் கை தட்டினார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

திங்கட்கிழமை வந்தது. உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க டேப்லட்டோடு நானே ஷெட்டுக்குள் போய் நின்றேன். உச்சி வேளை நெருங்கியது. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கைகள் வேலை செய்தன. ஆனால் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. திரையில் எல்லாம் பச்சை.

அப்போது கரண்ட் போனது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. ஜெனரேட்டர் தானாக எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கூரை மேல் காற்று மட்டும். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், எதற்கென்று தெரியாமல். உலைப் பக்கத்திலிருந்து மெதுவாக, “இருக்கறேனுங்க” என்று வந்தது.

தடுக்க வேண்டியவன் நான். டேப்லட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரல் ஆள் ஆளாக நகர்ந்து என்னைக் கடந்து போனது. உலை, மோல்டிங், வடநாட்டவர்கள், பிறகு மணல் பகுதி. அங்கே நின்றுவிட்டது. அடுத்தது சலிக்கும் மெஷின்காரர். அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் அடுத்தவர் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய முறை. யாரோ ஒருவர், “அண்ணோவ், வெளையாடாதீங்க” என்றார். கேலிக்காரர் ஆயிற்றே. ஒரு சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

நான் முன்னால் போய் டேப்லட்டைத் தூக்கிக் காட்டினேன். “அவரு மெஷின்கிட்டத்தான் இருக்காருங்க. பாருங்க, பச்சையா இருக்கு. வேலை செஞ்சுட்டு இருக்காரு.”

கரண்ட் இல்லாத ஷெட்டில், நின்றுபோன மெஷினில், ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே, என் விரலுக்குக் கீழே அந்தப் புள்ளி சிவந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவருடைய அட்டை சல்லடைச் சட்டத்தில் நூலால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சல்லடை நாள் முழுக்க ஆடும், சாப்பாட்டு நேரத்திலும் ஆடும். நான் டிபன் கேரியர் கொடுத்தது அந்தச் சல்லடைக்கு. ஆள் மட்டும் இல்லை.

உலைக்காரர் அவருக்கு மச்சினன் முறை. “மாமா! மாமோவ்!” என்று கத்தினார். ஷெட் முழுக்க அது மோதிவிட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மோல்டிங் பெட்டிகளுக்குப் பின்னால், கழிவறைப் பக்கம், வெளியே நிழலில், எங்கே என்று தேடுவது?

“இருக்கேன்.”

மேலேயிருந்து வந்தது. ஹாப்பரிலிருந்து, அதாவது மேலே அகன்று கீழே புனல் மாதிரி ஒடுங்கி நிற்கும் பெரிய இரும்பு மணல் தொட்டியிலிருந்து. அலறல் இல்லை, முனகலும் இல்லை. பேர் கூப்பிட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாக ஒரு ஆண் குரல். அதைக் கேட்டது நான் மட்டுமில்லை. அங்கிருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் மேலே திரும்பின. அந்த அக்கா கையை நீட்டி, “தொட்டிக்குள்ளீங்க!” என்று கத்தினார்.

ஏறிப் பார்த்தபோது அவர் கழுத்துவரை மணலில் இருந்தார். மணல் அடைத்துக்கொண்டதால் குத்திவிட உள்ளே இறங்கியிருக்கிறார். காலடி மணல் திடீரென்று சரிந்திருக்கிறது. கீழே பெல்ட் ஓடி மணலை இழுத்துக்கொண்டே இருக்க, அவரும் இறங்கிக்கொண்டே போயிருக்கிறார். கரண்ட் போனதால் பெல்ட் நின்றது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் தலையும் உள்ளே போயிருக்கும். இரைச்சலில் யாருக்கும் தெரிந்திருக்காது. என் திரையில் அவர் அன்றைக்கும் சுறுசுறுப்பாக இருந்திருப்பார்.

பலகை போட்டு, அக்குளில் கயிறு கட்டி, கையாலும் தட்டாலும் மணலை அள்ளி வெளியே எடுத்தார்கள். நானும் அள்ளினேன். என்னால் அதிகம் உபயோகமில்லை, ஆனாலும் அள்ளினேன். அவர் வெளியே வந்து நெஞ்சு ஏறி இறங்கியபோது, வடநாட்டுப் பையன் ஒருவன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் எழுந்தது. எலக்ட்ரீசியன் அடுத்த நாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை என்று மிகுந்த கவலையோடு சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். விலா எலும்பு விரிசல், மற்றபடி நலம். அவர் மனைவி எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

“நல்ல வேளை, குரல் குடுத்தீங்க,” என்றேன்.

அவர் படுக்கையில் கொஞ்சம் நிமிர்ந்தார். “நான் எங்கீங்க சார் குடுத்தேன்? மூச்சே உட முடியலைங்க. மேலிருந்து சரிஞ்சதுல வாயெல்லாம் மண்ணு. மச்சினன் கூப்புட்டது கேட்டுதுங்க. பதில் சொல்ல முடியாம அழுகதான் வந்துச்சு.”

அவர் கேலிக்காரர் என்பதால், முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

திரும்பி வந்து அந்த அக்காவைக் கேட்டேன். இந்த முறை சொன்னார். பெரிய முதலாளி காலத்தில், அந்த இடத்திலிருந்த பழைய தொட்டியில் ஒருவர் ஒரு உச்சி வேளையில் இதே மாதிரி இறங்கினாராம். மெஷின் இரைச்சலில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து எல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஆளைத் தேடி, பிணமாக எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து உச்சியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பது. கடைசி ஆள் சொன்ன பிறகு, அவரும் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் விடுவது.

“என்னிக்காவது சொல்லியிருக்காருங்களா?”

“அவரெங்கீங்க சொல்லுவாரு? சொன்னாருன்னா நாங்க நாளைக்கு எப்படீங்க வேலைக்கு வர்றது?”

“அன்னிக்குத் தொட்டிக்குள்ளேன்னு மொதல்ல கத்துனது நீங்கதானே?”

“நான் கோர் வேலையா இருந்தேனுங்க சார். எனக்கு ஒண்ணுமே கேக்கலை.”

அங்கே யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். அத்தனை பேரும் திரும்பியதைப் பார்த்த நான் தனியாகிப்போனேன். இரும்புத் தொட்டி, ஆடிக் காற்று, மச்சினன் குரலின் எதிரொலி என்று ஒரு விளக்கம் எழுதிப் படித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உலைக்காரர் கூப்பிட்டது “மாமா” என்று. எதிரொலி “இருக்கேன்” என்று எப்படித் திரும்பும் என்ற ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

சின்னவர் நான் ஒட்டிய அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தார். தொட்டியின் வாய்க்குக் கம்பி வலை போட்டாயிற்று. மென்பொருள் கம்பெனிக்காரர் வந்து, அந்த மதிய இடைவேளையை என்ன பெயரில் பதிவது என்று கேட்டபோது, சின்னவர், “அதை ஒண்ணும் கேக்காதீங்க, உட்டுருங்க” என்றார். சலிக்கும் மெஷின்காரர் தீபாவளி முடிந்து வேலைக்கு வந்தார். டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கட்டுங்களா என்று கேட்டார். நக்கல் திரும்பியிருந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு நான் முன்னதாகக் கிளம்புவதில்லை. வீட்டில் யாராவது அடுத்த அறையிலிருந்து சும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட, பேப்பரைக் கீழே போட்டுவிட்டு உடனே பதில் கொடுத்துவிடுகிறேன். வயசாகிவிட்டது, மரியாதை வந்திருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்றுதான்: பதில் சொல்ல முடிகிறவரை நாமே சொல்லிவிட வேண்டும், நமக்காக வேறு யாரோ சொல்லும்படி விட்டுவிடக் கூடாது.