மூன்று கோப்பியும் ஒரு துப்பல் வாளியும்

என் நாக்கைப் பற்றி நானே பெருமையடிக்கக் கூடாது. ஆனால் வேறு யாரும் அடிப்பதாகத் தெரியவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற ரோட்டில் பாதியில் இறங்கி மேலே ஏறினால் வருகிற தோட்டத்தில், பெக்டரியின் டீமேக்கர் நான். கொழுந்து உள்ளே வந்து தூளாகி மூட்டைக்குள் போகிற வரைக்கும் அது என் பொறுப்பு. தினமும் காலையில் முந்தின நாள் தூளை ரகம் ரகமாக ஊற்றி வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வாளியில் துப்புவேன். துப்புவதுதான் முக்கியம். விழுங்குகிறவன் தேத்தண்ணி குடிக்கிறவன், துப்புகிறவன்தான் டீமேக்கர். இத்தனை வருசத்தில் சோதனைக் கோப்பையிலிருந்து ஒரு மடக்குக் கூட என் தொண்டைக்குள் இறங்கியதில்லை.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த பெரிய ஆட்கள் முன்னால் தோட்டத்து மேனேஜர், எங்கள் துரை, ஒரு தூளைப் புகழ்ந்து தள்ளிக் கொண்டிருந்தார். வந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் துப்பிவிட்டு, "தீஞ்சிருச்சுங்க சேர்" என்றேன். அந்தத் தூளைப் போட்டவனே நான்தான். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குத் துரை என்னிடம் வேலை விசயம் தவிர வேறு பேசவில்லை. கோப்பையை முன்னால் வைத்துக் கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது. என் மகள் சரியாகப் போய்ப் பிடித்தது இந்த ஒரு பலவீனத்தைத்தான்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. விடுமுறைக்கு வந்திருந்தவள், மூன்று பேரும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். நான் நிதானமாகத்தான் இருந்தேன். என்ன வேலை என்று கேட்டேன்.

"எல்லா டவுன்ல கோப்பிக் கடை வச்சிருக்காருப்பா. கொட்டையக் கூட அவரே வறுக்குறாரு."

கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர் என்று சொல்லியிருந்தால்கூட ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டிருப்பேன். பாதி ரொட்டியோடு எழுந்துவிட்டேன்.

"இந்த மலையெல்லாம் ஒரு காலத்துல கோப்பிதான். நோய் வந்து அத்தனையும் செத்துச்சு. அப்பறந்தான் தேயிலையே வந்துச்சு. செத்தத எதுக்குத் தோண்டி எடுத்து வறுக்குறான் அவன்?"

"என்னங்க, மாப்பிள்ளயப் பத்திப் பேசுனா நீங்க கோப்பியப் பத்திப் பேசுறீங்க" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோப்பி மேல் கோபமே இல்லை. பயம். இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெக்டரிக்குக் கூட்டிக் கொண்டு போவேன். ருசி பார்க்கிற அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நான் துப்புவதற்கு வாளியைப் பிடித்துக் கொண்டிருப்பாள். நான் தூளைத் திட்டத் திட்டச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எல்லா டவுனுக்குப் போய், சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கோப்பி ஊற்றப் போகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவன், கோப்பியைத் திட்டினேன்.

மறுநாள் அவள் ஒரு ஏற்பாட்டோடு வந்தாள்.

"அவரு மூணு கலவை அனுப்புறாருப்பா. தேத்தண்ணியப் பாக்குற மாதிரியே பாருங்க. ஒண்ணாவது தேறுச்சுன்னா அவங்க வீட்டு ஆளுங்க வந்து பேசட்டும். மூணும் தேறலன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க கோப்பையில பொய் சொல்ல மாட்டீங்க."

சமையலறைக்குப் போய் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன், மூன்றையும் துப்பிவிட்டுத் தேறவில்லை என்று சொல்லப் போகிறேன் என்று. அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "துப்புறது ஒங்க வேல. அவ கண்ணப் பாத்துச் சொல்ல முடியுதான்னு பாருங்க" என்றாள்.

சாமான் பஸ்ஸில் பசறைக்கு வந்தது. ரேடியோப் பெட்டி அளவில் ஒரு மெஷின், கையால் சுற்றுகிற அரைக்கிற குழாய் ஒன்று, ஒரு குட்டித் தராசு, ஒன்று இரண்டு மூன்று என்று எழுதின கொட்டைப் பக்கெட் மூன்று. ஓட்டோவில் மெஷினை மடியில் வைத்துக் கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் வயிற்றில் இடித்தது. அப்போதே எங்களுக்குள் ஆகவில்லை.

முதல் நாள் சாயந்தரம் மகள் அரைத்தது கரடுமுரடாகப் போய்விட்டது. மெஷினுக்குள்ளிருந்து தண்ணீர் பீலிக் குழாய் மாதிரி கொட்டியது. இது கணக்கில் இல்லை, பழகிப் பார்க்கிறேன் என்றாள். நானும் பழக வேண்டாமா? தேயிலைக்கு என்ன முறையோ அதையே செய்தேன். கோப்பையை மூடி போட்டு ஐந்து நிமிசம் வைத்தேன். மெஷினில் மிஞ்சிய கட்டியை மூடி மேல் கவிழ்த்து, ஊறின இலையைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்பு நிறம் வரவில்லை என்று குறை சொன்னேன்.

"அப்பா, அது குப்பை. அதப் பாக்கவே தேவையில்ல."

"குப்பையப் பாக்காதவன் சரக்கப் பாக்க மாட்டான்" என்றேன். ஆறிப்போனதை உறிஞ்சி வாளியில் துப்பினேன்.

அந்த நேரம் பார்த்து முதல் லயத்து அக்கா வாசலில் நின்றார். கையில் ஒரு மேரி பிஸ்கட் பக்கெட். அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தேயிலை வாசம் யார் மூக்கிலும் ஏறாது, அது காற்றோடு காற்று. கோப்பி வாசம் அப்படி இல்லை. கோப்பி வாசம் வந்தால் ரெண்டில் ஒன்று. யாருக்கோ காய்ச்சல், கொத்தமல்லி போட்டுக் கோப்பி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் இழவு வீடு, கண் முழிக்கிற ஆட்களுக்கு ஊற்றுகிறார்கள். வேறு எதற்கும் இங்கே யாரும் கோப்பி வைப்பதில்லை. அக்கா யாருக்குச் சுகமில்லை என்று விசாரிக்க வந்திருக்கிறார். வந்தவர் கண்ணில் பட்டது, டீமேக்கர் வாளிக்குள் குனிந்து கறுப்பாகத் துப்புகிற காட்சி.

"ஐயாவுக்கு எப்ப இருந்துங்கம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார். என் மனைவியும், "இன்னைக்கி இருந்துதான்" என்றாள். அக்கா கேட்டது கோப்பியைப் பற்றி என்று நினைத்தாளாம். அப்படித்தான் இன்றைக்கும் சொல்கிறாள்.

இரண்டாம் நாள் மகள் மிகவும் நைசாக அரைத்துவிட்டாள். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மெஷின் முக்கி முனகியது. கடைசியில் சொட்டுச் சொட்டாகத் தார் மாதிரி ஒன்று விழுந்தது, மேலே தவிட்டு நிறத்தில் நுரை. தேத்தண்ணியில் நுரை கட்டினால் ஒதுக்கிவிடுவோம். கரண்டியால் சுத்தமாக வழித்து எறிந்தேன். மகள் தலையில் கை வைத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதத்தாம்பா எல்லாரும் காசு குடுத்துக் குடிக்கிறாங்க."

"அப்ப நான் அவங்களுக்கு நல்லது பண்ணியிருக்கேன்" என்றேன்.

மெஷின் முனகினது கீழே லயத்தில் நான் முனகினதாகக் கேட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் ஐந்து பேர் தோடம்பழத்தோடு வந்துவிட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் கொண்டு, காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரிச் சத்தமாக, "ஒண்ணும் யோசிக்காதீங்க ஐயா" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கோப்பி ருசி பாக்குறேன்."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். தேயிலையைத் தவிர வேறு பேச்சில்லாத மனுசன் கோப்பி ருசி பார்க்கிறேன் என்கிறான், புத்தியும் தடுமாறிவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் இருமல் வந்தது. அந்த இருமல் வேறு அவர்களுக்குச் சாட்சியாகிப் போனது.

மூன்றாம் நாள்தான் தீர்ப்பு நாள். நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமென்று காலையிலிருந்து உறைப்பு, உப்பு எதையும் தொடவில்லை. அதோடு ஒரு தப்புப் பண்ணினேன். லீவு போட்டேன். என் கல்யாணத்துக்கு மறுநாளே பெக்டரிக்குப் போன ஆள் நான். டீமேக்கர் வேலைக்கு வரவில்லை என்கிற செய்தி ஒரு பக்கம் போக, மகள் விடிந்ததிலிருந்து அரைத்து அரைத்து ஊற்றிப் பார்த்த வாசம் இன்னொரு பக்கம் லயத்துக்கு இறங்கியிருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து ஜனங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

மத்தியானம் வாசலில் டிராக்டர் சத்தம். எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத் தலைவரும் பத்துப் பதினைந்து பேரும் இறங்கினார்கள். டிராக்டரில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பந்தல் போட ஒரு நீலத் தறப்பாள், இழவு வீடுகளுக்கென்றே சங்கம் வைத்திருக்கிற பெரிய கோப்பிக் கேத்தல். தலைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக் கொண்டு, என் மனைவியிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"எத்தன மணிக்குங்கம்மா?"

"மூணு மணிக்குன்னு நெனச்சிருக்காரு" என்றாள் அவள்.

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். கதவுக்கு முன்னால் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு நின்றவர் அதை அப்படியே காலில் போட்டுக் கொண்டார். விசயத்தைச் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. தலைவர் எல்லாவற்றையும் கேட்டார். சந்தோசம்தான், ஆனாலும் முகத்தில் ஒரு சோர்வு.

"இவ்வளவு சாமானையும் இந்த மேட்டுல ஏத்திட்டோமே ஐயா."

"அதுக்கு நான் சாகணுமா?"

"அப்படிச் சொல்லலீங்க. வந்தது வந்துட்டோம், ஒக்காந்து பாத்துட்டுப் போறோம்."

நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதல் லயத்து அக்கா முன் வரிசையில். மேசையை வெளியே கொண்டு வந்து வைத்தோம். மகள் முக்காலியை இழுத்துப் போட்டு, சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே என் பக்கத்தில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக் கொண்டாள்.

ஒன்றாம் கோப்பை. நுரையை வழிக்க அவள் விடவில்லை, மூடி போடவும் விடவில்லை. கரண்டியில் அள்ளி உறிஞ்சினேன். பின் வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது. "புளிக்குது. வறுக்க அவசரப்பட்டிருக்கான். கொட்டைக்குள்ள இன்னும் பச்ச இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துப்பினேன். வாளியில் டங் என்று விழுந்தது. சபை ம்ம் என்றது.

இரண்டாம் கோப்பை. "ஒடம்பு இருக்கு, உயிரில்ல. தீஞ்ச வாடைய மறைக்கப் பாத்திருக்கான்." துப்பினேன். தலைவர் தலையாட்டினார். எனக்கு ஒரே குஷி. இன்னும் ஒன்று, அதையும் துப்பிவிட்டால் மகள் என் வீட்டில்.

மூன்றாம் கோப்பை. முதலில் கசந்தது. திட்டுவதற்கு வாயில் ஒரு நல்ல வார்த்தை கூட வந்துவிட்டது. அதற்குள் கசப்புக்குப் பின்னாலிருந்து கித்துள் கருப்பட்டி வாசம் ஒன்று எட்டிப் பார்த்தது. அது போன பிறகு, காற்று மாதங்களில் எங்கள் தேயிலைக்கு மட்டும் வருகிற அந்தக் குளிர்ச்சி நாக்கில் நின்றது. வருசத்தில் சில வாரம்தான் அது வரும். அது வருகிற காலையில்தான் நான் பெக்டரியில் யாரையும் திட்டாமல் இருப்பேன். இதைக் கொட்டையில் ஒருவன் பிடித்திருக்கிறான். நெருப்புப் பக்கத்தில் நின்று, கண் எடுக்காமல், பொறுமையாகப் பிடித்திருக்கிறான்.

சபை காத்திருந்தது. நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக் கொண்டேன்.

"இதுவும் தேறல" என்றேன்.

மகள் வாளியைக் கொஞ்சம் உயர்த்தி என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அப்படியே பிடித்துக் கொண்டு காத்திருந்தாள்.

"துப்புங்கப்பா."

வாயைத் திறந்தேன். துப்புவதற்கு ஒன்றுமில்லை.

"ஐயா முழுங்கிட்டாரு" என்றார் முதல் லயத்து அக்கா. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தொண்ட ஏறி எறங்குச்சு. ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ."

மேசையைப் பார்த்தேன். கரண்டி இரண்டாம் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மூன்றாம் கோப்பையைக் கரண்டியே போடாமல் அப்படியே தூக்கிக் குடித்திருக்கிறேன். அடியில் ஒரு சொட்டுக் கூட மிச்சமில்லை. மனைவி கதவு நிலையில் சாய்ந்து கொண்டு, வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தாள்.

மகள் வாளியை இன்னும் இறக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். பார்த்துத் தொலைத்தேன்.

"ஞாயித்துக்கெழம கொழுந்து வராது" என்றேன். "அவங்கள அன்னைக்கி வரச் சொல்லு."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக் கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் என்ன செய்கிறேன் என்பதும்தான். தலைவர் எழுந்து ஆட்களிடம் நாற்காலிகளை அடுக்கச் சொன்னார்.

"அத விடுங்க தலைவர், ஞாயித்துக்கெழமைக்கு வேணும்" என்றேன். "அந்தப் பெரிய கேத்தலும் இருக்கட்டும்."