தேவி இல்லாமல் கிடைத்த படகு

போன வாரம் திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பேசுவதற்கு அல்ல, சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு!

ஓர் அறக்கட்டளை கொஞ்சம் நிதி தந்திருக்கிறது. அதை எந்தத் தொண்டு அமைப்புக்குக் கொடுப்பது என்பதை பி.காம். மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். விண்ணப்பித்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர். விம்கோ நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம். வீடியோவெல்லாம் போட்டு அசத்தியிருந்தார்கள். இன்னொன்று, சடையங்குப்பம் பெண்கள் சங்கம். அவர்கள் கேட்டது ஒரு படகு. மழை வெள்ளத்தில் ஒரு கர்ப்பிணியைப் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டுக் கரை சேர்த்தவர்கள்... வேறென்ன கேட்பார்கள்?

பேராசிரியர் விவாதத்தை ஆரம்பிக்கும்போதே ஒரு மாணவி எழுந்தாள். பெயர் தேவி.

"சார், அந்தச் சங்கத்துக்கு எங்கம்மாதான் தலைவி. நான் இங்க குந்திகினு இருந்தா நல்லா இருக்காது. வெளிய நிக்கிறேன்."

போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை!

எனக்குச் சங்கடம். படகுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளும் வராந்தாவில். உள்ளே தண்டையார்பேட்டை மாணவன் யூசுப் வேறு, கம்ப்யூட்டர் கட்சி.

"மழை முடிஞ்சா படகு சும்மாதானே கெடக்கும்? வெயில்ல காஞ்சு வீணாப் பூடும். யாரு பாத்துக்குவா?"

அத்தோடு விட்டானா? சங்கத் தலைவிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஜன்னல் வழியே பார்த்தேன் - தேவி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அத நாங்க யோசிக்கல நைனா..." என்றார் அந்த அம்மா.

போச்சு என்று நினைத்தேன்.

"வச்சிராத, இரு!" பின்னால் பெண்கள் கசமுசவென்று பேசும் சத்தம். பிறகு, "எண்ணூர்ல மீன் புடிக்கிறவங்களுக்கு வாடகைக்கு வுடறோம். அந்தத் துட்டுல ரிப்பேர் பாத்துக்குவோம். மழைக்கு முன்னாடி படகத் திருப்பி வாங்கிக்குவோம்."

"அவங்க குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னாவா? மொத்தப் பொம்பளைங்களும் போயி அவங்க வாசல்ல குந்திக்குவோம்!"

வகுப்பே சிரித்தது. யூசுப் மட்டும் சிரிக்கவில்லை. "இத எழுதிக் குடுப்பீங்களா ஆன்ட்டி?"

"கையெழுத்துப் போட்டே குடுக்கறோம் நைனா."

ஓட்டெடுப்பில் முதலில் உயர்ந்த கை யூசுப்புடையது! "கம்ப்யூட்டருக்கு வேற யாராச்சும் குடுப்பாங்க சார். படகுக்கு நாமதான்." பிறகு பார்த்தால் வகுப்பு முழுக்கக் கைகள்.

தேவியைக் கூப்பிட்டார்கள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. உள்ளே வந்ததும் நேராக யூசுப்பிடம்தான் போனாள்.

"எங்கம்மாவ இன்னா குடை குடைஞ்சிட்ட நீ!"

"நீ உள்ள இருந்திருந்தா கேட்டிருக்க மாட்டேன். இப்பப் பாரு, ஒருத்தனும் குறை சொல்ல முடியாது."

யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர் பெயர் பட்டியலில் இருக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்த பெரிய மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? நானும் நெடுநேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்...

படகுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. என்ன பெயர் வைப்பது என்று சடையங்குப்பத்தில் இப்போது பெரிய சண்டையாம். தயவுசெய்து அதற்கும் ஒரு கமிட்டி போட்டுவிடாதீர்கள்!