எஸ்தர் அக்கா சாகவிடாத ஆள்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்தது. சிறந்த தொடருக்கான விருதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் பழைய புகைப்படம். அதைச் சுற்றி கம்ப்யூட்டரில் போட்ட ரோஜா மாலை. கீழே, ‘சின்னத்திரையின் சிகரம் சரிந்தது’. அனுப்பியவர் எங்கள் பழைய சேனலின் நிகழ்ச்சி மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாலை அவருக்குப் பிடிக்காது என்று எங்களோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

என்னைவிட அவர் இரண்டு வயது சின்னவர். ஆனாலும் யூனிட்டில் எல்லோருக்கும் அக்காதான். சீர்காழிப் பக்கத்து லுத்தரன் குடும்பம், ஒரே தம்பி சிங்கப்பூரில். அவர் எழுதித் தயாரித்த முதல் தொடர், ஆண்கள் எல்லாம் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்ட ஒரு கிராமத்தைப் பற்றியது. திருவாரூர்ப் பக்கம் எடுத்தோம். அதற்குத்தான் விருது. மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “ஆம்பளைங்க ஊர்ல இல்லாததால ஷூட்டிங்ல வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடல. அதுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு தனியார் சேனல்கள் வந்தன, தினத்தொடர்கள் வந்தன. நடிகர் யாராவது பாதியில் விலகினால் எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. அவருடைய படத்தைச் சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, மாலை போட்டுவிடுவோம். கதாபாத்திரம் செத்தாயிற்று, கதை மேலே போகும். அக்கா மட்டும் அதைச் செய்யமாட்டார். ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார். “எங்க ஊர்ல ஒருத்தன் கண்ணுல படலைன்னா செத்துட்டான்னு அர்த்தம் இல்லைங்க. துபாய்ல இருக்கான்னு அர்த்தம்” என்பார்.

அவருடைய கடைசித் தொடரை இயக்கியவன் நான். அதில் செல்லதுரையாக நடித்தவர் வேறு சேனலுக்குத் தாவிவிட்டார். அக்கா செல்லதுரையை சவூதிக்கு அனுப்பினார். எட்டு மாதம் அந்த மனிதர் போனிலேயே குடித்தனம் நடத்தினார். மனைவி வள்ளி பேசுவது மட்டும் நமக்குக் கேட்கும். அந்தப் பேச்சையெல்லாம் அக்கா ஊரில் தன் தெருவில் இருந்த செல்வியிடம் கேட்டு எழுதினார். செல்வியின் கணவரும் சவூதியில்தான் இருந்தார். ‘செல்லதுரை எப்போது வருவார்?’ என்று வேதாரண்யத்திலிருந்தெல்லாம் பெண்கள் கடிதம் போட்டார்கள்.

வேறொரு நடிகரை வைத்து அவரை அழைத்து வந்துவிடலாம் என்று அக்கா முடிவு செய்தார். திரும்பி வரும் காட்சியை இரண்டு பக்கத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் வந்திருந்த நேரம். “நடவு முடிச்சுட்டு ஒரு வாரத்துல வந்துடறேன் ரகு. நான் வந்ததும் எடுக்கலாம்” என்று ஊருக்குப் போனார்.

மறுநாளே, இப்போது மாலைப் படம் அனுப்பிய அதே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “ரேட்டிங் படுத்துடுச்சு. இந்த வாரம் ஒரு சாவு வேணும். செல்லதுரைக்கு மாலை போட்டுடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, வேற டைரக்டர் இருக்காங்க.” நான் போட்டேன். சம்பங்கி மாலை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அக்காவுக்குப் போன் செய்யவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஒளிபரப்பானபோது அக்கா தன் வீட்டில் தெருப் பெண்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செல்விக்கு மூன்று மாதமாகக் கணவரிடமிருந்து போன் இல்லை. பாதியிலேயே எழுந்து போனவள், விடிந்ததும் நெற்றியில் பொட்டு இல்லாமல் அக்காவின் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். “அவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா. அதான் இப்படி எழுதிட்டீங்க. என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல?”

நாலு நாள் கழித்து கணவர் போன் செய்துவிட்டார். வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்களாம். ஆனால் அந்தக் காலையிலேயே அக்கா என்னைக் கூப்பிட்டுச் செல்வி வந்ததைச் சொன்னார். “நீங்களா எடுத்தீங்க ரகு?” என்றார். “ஆமாம் அக்கா” என்றேன். போனை வைத்துவிட்டார். அதன்பின் ஒரு வரிகூட எழுதவில்லை. எத்தனையோ சேனல்கள் கேட்டன. வயலைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. என்னைக் கிழிகிழியென்று கிழித்திருக்கலாம். கிழித்துவிட்டு எழுதியிருக்கலாம். என் ஒருவனுடைய கோழைத்தனத்துக்காக இத்தனை வருடம் பேனாவை மூடி வைத்தது என்ன நியாயம்?

அடக்கத்தன்று சீர்காழிக்குப் போனேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி மகன் என் கையில் ஒரு மாலையைக் கொடுத்தான். “அங்கிள், நீங்கதான் அத்தைகூட ரொம்ப நாள் வேலை பார்த்தவங்க. போட்டோவுக்கு நீங்களே போடுங்க.” எனக்குக் கை எழவில்லை. பக்கத்தில் செல்வி, தலை நரைத்துப்போய் நின்றிருந்தாள். அவளோடு நின்றிருந்த பெரியவர் முன்னால் வந்தார்.

“குடுங்க சார், நான் போடுறேன். நான் செல்வி வீட்டுக்காரர்” என்றார்.

அவர்தான் போட்டார்.

எடுக்காமல் போன அந்த இரண்டு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். செல்லதுரை பஸ்ஸை விட்டு இறங்குகிறார். வாசலில் வள்ளி. இத்தனை மாதம் கழித்து அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஆத்துல தண்ணி வந்துடுச்சா?”

அவள் சொல்கிறாள்: “அது எப்பவோ வந்துடுச்சு. நீங்கதான் வரல.”