ஜெயசீலி ஊதச் சொல்கிறாள்

"இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க... இப்ப ஊது, ஊது, ஊது, விட்றாத!" என்று கத்தும்போது ஜெயசீலியும் கூடவே ஊதுவாள். கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்துவிடும். மூக்கில் கிளிப்பும் வாயில் அட்டைக் குழாயுமாக எதிரே இருப்பவர் எத்தனை பெரிய மனிதரானாலும் அந்த ஆறு விநாடிக்கு மரியாதை கிடையாது. முடிந்ததும் "தண்ணி குடிங்கண்ணே" என்று 'ங்க' திரும்பி வந்துவிடும்.

ஆம்பூரில் ஒரு மருத்துவமனையில் மூச்சளவு பார்க்கும் அறையில் பதினேழு வருடமாக இருக்கிறாள். மூன்று தடவை ஊதவைத்து, மூன்றும் ஒன்றுபோல வராமல் யாரையும் எழுந்திருக்க விடமாட்டாள். "உள்ள இழுக்க எல்லாருக்கும் வரும். பழசு வெளிய போனாதான் புதுசுக்கு எடம்" என்பாள். நெஞ்சுக்குள் கோடிக்கணக்கில் குட்டிக் குட்டிப் பைகள் இருப்பதையும், அவற்றின் மெல்லிய சுவர் வழியே ரத்தம் நல்லதை வாங்கிக்கொண்டு கெட்டதைத் தள்ளிவிடுவதையும் விரலை மடக்கி விரித்தே விளக்கிவிடுவாள்.

யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்காமல் கழுத்துக் குழியைப் பார்க்கிற கோளாறு அவளுக்கு உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, கறிக்கடை வாசலில் கட்டிய ஆடு என்று எல்லா மூச்சையும் எண்ணிவிடுவாள். மீன் தொட்டியில் செவுள் அசைக்கும் கெண்டையைக்கூட விட்டதில்லை. "தண்ணில கரைஞ்ச காத்தையே எடுத்துக்குது பாரு" என்று மீன்காரியிடம் வியந்திருக்கிறாள்.

வினை வீட்டில் இருந்தது. கணவர் கிருபானந்தம் தோல் தொழிற்சாலையில் பஃபிங் மெஷினில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் அவர் புருவத்தில்கூடப் படிந்திருக்கும். இரண்டு வருடமாக, பேச்சின் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது. டெஸ்டுக்குக் கூப்பிட்டால் சளி என்பார், அந்த ரூம் ஏசி ஒத்துக்காது என்பார். விஷயம் காகிதத்தில் ஏறினால் மெஷினிலிருந்து எடுத்துவிட்டு வாட்ச்மேன் நாற்காலியைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். மனுஷனுக்கு ரோஷம் அதிகம்.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். அன்று அவள் வாதாடவில்லை. "எனக்காக ஒரு வாட்டி வந்து ஊதிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

வந்தார். வரிசையில் உட்கார்ந்து பேர் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரைப் பார்த்து "ஊது, ஊது, விட்றாத" என்று அவள் கத்தினாள். அவரும் ஏமாற்றாமல் ஊதினார். மூன்றும் ஒன்றுபோலவே வந்தன. திரையில் கோடு கொஞ்சம் எழும்பி, உடனே குழிந்து சரிந்தது. இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. அவர் மூக்கிலிருந்து கிளிப்பை எடுத்தாள்.

"இன்னா, பாஸா?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாரு."

இனி தூசியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கிருபானந்தம் தலையாட்டினார்.

வீடு இரண்டாவது மாடியில். முதல் திருப்பத்திலேயே அவர் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் நிற்கவில்லை. மனைவி பார்க்க மூச்சு வாங்கி நிற்பதற்கு அவருக்கு மனம் வராது. நாலு படி முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெயசீலி பையைக் கீழே வைத்தாள்.

"முட்டி வலிக்குதுங்க. கொஞ்ச நேரம் குந்திட்டுப் போலாம்" என்று, சுவரோரமாக ஒதுங்கி, அவருக்கும் இடம் விட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.