கேரியரில் அண்ணன், பெடலில் மதினி

மதினி சைக்கிள் பழகிய முதல் நாளே சாக்கடைக்குள் விழுந்தார் என்று தெருவில் ஒரு கதை ஓடுகிறது. யார் கட்டிவிட்டதோ தெரியாது. நம்பாதீர்கள். விழுந்தது சாக்கடைக்குள் இல்லை, எதிர்வீட்டு அக்கா காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலுக்குள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தெருவே தும்மிக்கொண்டிருந்தது. அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மதினியைத் தூக்கிவிட்டு, “வதினா, இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இந்தச் சர்க்கஸ்?” என்று கேட்டாராம். மதினி கண்ணைக் கசக்கிக்கொண்டே, “காரம் பத்தாது போலிருக்கே வத்தலு, எந்தக் கடையில வாங்குனீங்க?” என்றாராம்.

மதினி திதிக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கிற உங்கள் எல்லாரையும் பக்கத்து வீட்டுக்காரியாக நினைத்துத்தான் பேசுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மதினியின் மகள் எழுதுகிறாள். மஸ்கட்டில் இருந்து அம்மாவின் வருசத் திதிக்கு வந்திருக்கிறாள். “எத்தே, பெறந்த ஊருல இருந்து வரிசையாச் சொல்லுங்க, அச்சுல வாரது” என்று அதட்டுகிறாள். வரிசை எனக்கு வராது. ஆனாலும் பார்க்கிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊரில். தாய் தகப்பன் இருவரும் உப்பு வாரிப் பிழைத்தவர்கள். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக உப்பு கிடக்குமே தவிர, ஒரு கீரைப்பாத்தி போட அங்கே மண் கிடையாதாம். நாங்கள் கூமாப்பட்டி. அண்ணன் ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்தார். மதினியைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் கல்யாணமாகாதவள், அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ராஜபாளையத்தின் மேற்கு ஓரத்தில், மலையைப் பார்த்த வீடு. பின்னால் பெரிய கொல்லை, முழுக்கக் கருவேலமுள்.

வந்த புதிதில் பூசணிக்காய் அரிந்துவிட்டுக் குடலைக் கொல்லையில் வீசினார் மதினி. நாலு தூறல் விழுந்ததும் அந்த இடத்தில் கொடி முளைத்துவிட்டது. மதினி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “ஏட்டி சின்னத்தாயி, குப்பையாப் போட்டதுக்கே இப்படி மொளைக்கே, இந்த மண்ணுக்கு வெக்கமே கெடையாதா?” என்றார். நான் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. மறுநாள் மண்வெட்டியை எடுத்தவர்தான். முள்ளெல்லாம் போய், மா, சப்போட்டா, எலுமிச்சை, முருங்கை, பந்தலில் புடலை பாகல், வேலியோரம் பிச்சி என்று அந்தக் கொல்லை நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒருதரம் பின்னால் போய்ப் பாருங்கள். வாழைக்குக் கீழே மட்டும் மிதித்துவிடாதீர்கள், சேனை போட்டிருக்கிறது.

சொந்தபந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் கிடையாது. மதினியின் ஆட்கள் கடலோரம். எங்கள் ஆட்கள் எல்லாரும் பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டோம், நானும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டேன். மகன் படித்து பூனாவுக்குப் போனான், மகள் மஸ்கட்டுக்குப் போனாள். கடைசியில் அந்த வீட்டில் இரண்டு பேர், ஒரு சைக்கிள், ஒரு கொல்லை. எப்படித்தான் பொழுது போகிறதோ என்று நான் பரிதாபப்பட்டதுண்டு. ஒரு தடவை வந்து தங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்குப் பொழுது பத்தவில்லை.

விடிந்ததும் அண்ணன் சைக்கிளை எடுப்பார். மதினி கேரியரில் ஒருபக்கமாக உட்காருவார், மடியில் காலிச் சாக்கு. கண்மாய்க்கரை வழியாகத் தோப்புகள் இருக்கிற பாதையில் போவார்கள். எதற்கு என்கிறீர்களா? சாணிக்கு. மாடுகள் மேய்ச்சலுக்குப் போகிற பாதை அது. “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று மதினி குரல் கொடுப்பார், அண்ணன் பிரேக் போடுவார், மதினி இறங்கி அள்ளுவார். சாணி இல்லாத நாளில் உதிர்ந்த புங்க இலை. வரும் வழியில் டீ. வந்ததும் கொல்லையில் குழி பறிப்பதும் மக்கின உரத்தைக் கொட்டுவதும், இடையில் ஒரு சண்டை. எல்லாச் சண்டையும் முருங்கையை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதைப் பற்றித்தான். ஆடிப்பூரத்துக்கு மட்டும் அதே சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் தேர் பார்த்து வருவார்கள். பஸ்ஸில் போனால் கால் மிதிபடுகிறது என்பார் அண்ணன்.

அந்த அண்ணனுக்குக் கண் போனது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் பக்கத்தில் வருகிற வண்டி தெரியவில்லை, பிறகு எதிரே வருவதும் புகையாகிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, இனிமேல் திரும்பாது, சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் சைக்கிளைக் கொல்லைச் சுவரில் சாத்தினார். பாகற்கொடி பந்தலை விட்டு இறங்கி அதன்மேல் ஏறிக்கொண்டது. சக்கரத்துக் கம்பிக்குள்ளே காய் தொங்கியது.

மதினி கொடியை ஒருநாளும் அறுத்தவர் இல்லை. வழியில் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவார். அவர் அன்றைக்கு அரிவாளை எடுத்துக் கொடியை அறுத்து, சைக்கிளை வெளியே இழுத்தார். சத்தம் கேட்டு அண்ணன் வந்து, “என்னட்டி செய்யுத?” என்று கேட்டாராம். “பழகப் போறேன். நீங்க சொல்லிக்குடுங்க.”

அறுபதைத் தாண்டிய பிறகு, பாருங்கள். எனக்கு அந்த வயதில் ஸ்டூலில் ஏறிப் பானை எடுக்கவே பயம்.

பார் வைத்த சைக்கிளில் சேலையோடு ஏற முடியாது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை மாற்றிக்கொண்டார்கள். சைக்கிள் கடைத் தம்பி பின்சக்கரத்தில் கால் வைக்க இரண்டு கட்டைகள் பொருத்திக் கொடுத்தார். மதினி, அண்ணனின் பழைய மில் பேண்டை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, கேரியருக்கு மெத்தை தைத்தார். சொல்லிக்கொடுத்தவருக்கோ கண் தெரியாது. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். செயின் சத்தத்தை வைத்து, “இடது பக்கம் சாயுதட்டி, மிதி, மிதி, கீழ பாக்காத” என்பார். அப்படிப் பழகும்போதுதான் அந்த மிளகாய் வத்தல் விவகாரம்.

பழகியாயிற்று. ஆனால் அண்ணனுக்கு ஒரு வீம்பு. கண்மாய்க்கரையில் மட்டும்தான் பின்னால் உட்காருவார். தெருமுனை வந்ததும் இறங்கி, ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்து வருவார், தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. நம் பக்கம் புருஷன் மிதிப்பான், பெண்டாட்டி பின்னால் இருப்பாள். இதுதானே வழக்கம். மாற்றி உட்கார்ந்து ஊருக்குள் வந்தால் சும்மா விடுவார்களா?  மதினியும் இறங்கி நடப்பார்.

அந்த வருசம் ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் மகன் பூனாவில் இருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தான். எனக்கு மருமகன் முறை. தேர் பார்க்க நானும் வந்திருந்தேன். அவன் தேருக்கு வரவில்லை, இரண்டு பேரையும் கையோடு கூட்டிப்போக வந்திருந்தான். வாசல் கதவுக்குப் புதுப்பூட்டுக்கூட வாங்கி வந்திருந்தான். அவனையும் குறை சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை.

“எம்மா, அப்பாவுக்குக் கண்ணு தெரியல. ஒனக்குத் தனியா எங்கயும் போக வழியில்ல. திடீர்னு ஒண்ணுன்னா யாரு தூக்கிட்டுப் போவா? பொறவு நான் அங்க இருந்து அழுது என்ன செய்ய?”

“எனக்கு வழி இருக்குல.”

“என்ன வழி இருக்கு?”

“சைக்கிளு.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “கேளுங்க எத்தே. கண்மாய்க்கரையில நாலு சுத்து சுத்துததச் சொல்லுதாவ. ரோட்டுல போக முடியுமா? அப்பாதான் தெருவுக்குள்ள ஒக்காருவாவளா?”

அண்ணன் எழுந்து கொல்லைக்குப் போய், மாமரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். 

மறுநாள் காலையில் நாங்கள் எழுந்தபோது வீட்டில் இரண்டு பேரும் இல்லை. கொல்லையில் தண்ணீர் ஊற்றி மண் ஈரமாக இருந்தது. சைக்கிளைக் காணோம். கண்மாய்க்கரையில் ஆள் இல்லை. டீக்கடையில் கேட்டால் கடைக்காரர் தோசைக்கரண்டியும் கையுமாக, “தேருக்குல்லா போறாவ. மாமா பின்னால, அத்தை முன்னால. நான் கேட்டேன், என்ன மாமா, டிரைவர மாத்தியாச்சான்னு. ஆமால, பழைய டிரைவருக்கு ரிட்டையர்டு, புது டிரைவரு பிரேக்குல கால வைக்க மாட்டேங்கான்னுட்டுப் போறாரு” என்றார்.

மருமகன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் விரட்டினான். ஆடிக்காற்று மலையில் இருந்து இறங்கி ரோட்டைக் குறுக்கே வாரிக்கொண்டிருந்தது. தென்னை எல்லாம் ஒருபக்கமாகக் குனிந்திருந்தன. தேருக்குப் போகிற பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் ஒன்றின்பின் ஒன்றாக. அதற்கிடையில் தூரத்தில் ரோட்டோரமாக ஒரு சைக்கிள் தெரிந்தது.

எனக்கு இன்றைக்கும் நினைத்தால் உடம்பு புல்லரிக்கிறது. மதினி சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். காற்று தள்ளுகிறபோது அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து மிதித்தார். அண்ணன், எங்கள் அண்ணன், நெற்றியில் திருநீறும் தோளில் புதுத்துண்டுமாக, கேரியரில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வேனில் இருந்து பையன்கள் கத்துகிறார்கள். அண்ணன் சத்தம் வந்த பக்கமெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு போகிறார், தேரில் வருகிறவர் மாதிரி.

“ஆரன் அடிச்சிராதல, பயந்துருவாவ” என்றேன்.

“நான் எங்க அடிக்க, முந்திப் போகவே பயமா இருக்கு” என்றான். அப்படியே அவர்கள் வேகத்தில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டி எல்லாம் திட்டிக்கொண்டே முந்திப் போயின.

பாதி வழி தாண்டியிருக்கும். சைக்கிள் திடீரென்று நின்றது. மருமகன், “போச்சு, முடியல போல” என்று கதவைத் திறக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். அண்ணன் இறங்கினார். மதினி கேரியரில் இருந்து சாக்கை உருவினார். ரோட்டோரம் மாட்டு வண்டி ஏதோ போயிருக்கிறது, நல்ல பச்சைச் சாணி. அண்ணன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார், மதினி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். தேர் பார்க்கக் கட்டிய பட்டுச்சேலையோடு. அள்ளி முடித்து, பாட்டில் தண்ணீரில் கை கழுவி, சாக்கை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு மறுபடியும் ஏறிப் போனார்கள். காருக்குள் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மருமகன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் வந்தது. “எத்தே, எனக்கு இருக்கது ஏழாவது மாடியில ரெண்டு ரூமு. இவிய ரெண்டு பேரையும் கொண்டுபோய் அங்க எங்க வைக்க?”

தேர் பார்த்துவிட்டு வந்து பூட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தான். மதினி அதில் தண்ணீர் மோந்து நாற்றுக்கு ஊற்றினார்.

அதற்குப் பிறகு அண்ணன் தெருமுனையில் இறங்கவே இல்லை. மதினியைப் பார்த்து எங்கள் தெருவில் மூன்று பெண்கள் சைக்கிள் பழகினார்கள். எதிர்வீட்டு அக்காவும் ஒருத்தி, வத்தலை மாடியில் காயப்போட்டுவிட்டு.

போன வருசம் மழைக்காலத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் நர்சம்மாவிடம், “எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டாராம்மா? எலுமிச்சைக்கு யாராச்சும் கொத்திவிட்டாவளா?” என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். நானும் மதினியின் மகளும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் அவருக்குத்தான் தெரிந்தது. “மிதிச்ச காலு, நிப்பாட்டிருச்சு” என்றார்.

காரியம் முடிந்ததும் மருமகன் மறுபடி தகப்பனிடம் கேட்டான். இந்தத் தடவை கெஞ்சித்தான் கேட்டான். அண்ணன் அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அங்க வந்தா நான் குருடன்ல. இங்க எந்த மரம் எங்க நிக்குன்னு என் காலுக்குத் தெரியும். இங்க எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், அம்புட்டுதான்.” அதற்குமேல் யார் என்ன சொல்வது? நான் திருப்பூரில் என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு இங்கேயே வந்துவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களைச் சொல் என்கிறாள் எழுதிக்கொண்டிருக்கிற மருமகள். ஆம்புலன்ஸ் வரும்வரை மதினியை மடியில் வைத்திருந்த எதிர்வீட்டு அக்காவுக்கு, ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கு, கட்டை பொருத்திக் கொடுத்த சைக்கிள் கடைத் தம்பிக்கு, கடைசி நாள் கடையை அடைத்துவிட்டுக் கூடவே நடந்து வந்த டீக்கடைக்காரருக்கு, கடலோரத்தில் இருந்து பஸ் மாறி மாறி வந்த மதினியின் உறவுகளுக்கு, தோளில் சுமந்தவர்களுக்கு எல்லாம் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இன்னும் ஒருத்தர் பெயர் விட்டுப்போகிறது, நாக்கு நுனியில் நிற்கிறது, அந்த வேன்காரத் தம்பி…

இருங்கள், கொல்லையில் இருந்து அண்ணன் கூப்பிடுகிறார். “ஏட்டி சின்னத்தாயி, பைப்புல காத்து வருது, தண்ணி வரப் போகுது. வந்து ஓஸ் டியூப்ப மாட்டு, மாமரத்துக்கு நான் பிடிக்கேன்.” முனிசிபாலிட்டித் தண்ணீர், விட்டால் இனி எப்போது வருமோ. நான் போகிறேன். அவர் எனக்கு முன்னால் போய்க் குழாயடியில் நிற்கிறார்.